புகைச் சான்றிதழ் இருந்தால் போதுமா? மோட்டார் சைக்கிள் சத்தமும் நமது பொறுப்பும்

சில மாதங்களுக்கு முன்னர் ஓரிரவு, இஷா தொழுதுவிட்டு வந்து சாப்பிட உட்கார்ந்த நேரத்தில் ராத்தாவிடமிருந்து அழைப்பு வந்தது. "தம்பி, இவன்ட பைக்கப் பொலிஸ் மறிச்சி வெச்சிருக்காங்களாம். உனக்குத் தெரிஞ்ச யாரையாவது புடிச்சி ஒரு சொல்லுச் சொல்லிப் பாரேன்" என்றார். சோற்றை மூடி வைத்துவிட்டுப் போனேன்.

தலைமன்னார் வீதியோரத்தில் மருமகன் நின்றுகொண்டிருந்தான். இருபத்திரண்டு வயது. புத்தளத்தில் பிறந்து, பள்ளிக்கூட வயதில் குடும்பத்தோடு ஊர் திரும்பியவன். கையில் எல்லாக் கடதாசிகளும் இருந்தன: சாரதி அனுமதிப்பத்திரம், காப்புறுதி, வருமான அனுமதிப்பத்திரம், புகைப் பரிசோதனைச் சான்றிதழ். ஒன்றிலும் குறையில்லை. பொலிஸ் உத்தியோகத்தர் அவற்றைப் பார்த்துத் திருப்பிக் கொடுத்துவிட்டு, குனிந்து சைலன்சரைக் காட்டினார். கம்பனிச் சைலன்சர் இல்லை. பின்னால் வாய் அகன்ற குட்டைக் குழாய் ஒன்றுதான் இருந்தது.

"புகை டெஸ்ட் பாஸான வண்டிதானே மாமா?" என்றான் மருமகன். உண்மையைச் சொன்னால், அந்த நேரத்தில் எனக்கும் அதற்குப் பதில் தெரியாது. பாஸான வண்டியை ஏன் பிடிக்கிறார்கள் என்றுதான் நானும் நினைத்தேன். வீட்டுக்கு வந்து ராத்தாவிடம், "நம்ம புள்ளைகளத் தேடித் தேடிப் புடிக்கிறாங்க" என்றுகூடச் சொன்னேன். விசாரித்துப் பார்க்காமல் வாயில் வந்ததைச் சொன்ன அந்த வார்த்தைக்காகப் பின்னர் வெட்கப்பட்டேன்.

நானும் இருபது வருடத்துக்கு மேலாக மோட்டார் சைக்கிள் ஓட்டுபவன். அந்தச் சம்பவத்துக்குப் பிறகுதான் இந்த விடயத்தைத் தேடிப் படித்தேன். தெரிந்துகொண்டதை மற்ற உரிமையாளர்களுடனும் பெற்றோருடனும் பகிர்ந்துகொள்வதற்காகவே இதை எழுதுகிறேன்.

புகைப் பரிசோதனை எதைப் பார்க்கிறது?

இலங்கையில் வாகனப் புகைப் பரிசோதனை 2008ஆம் ஆண்டு மேல் மாகாணத்தில் ஆரம்பமானது. பின்னர் படிப்படியாக ஏனைய மாகாணங்களுக்கும் வந்தது. மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தின் கீழ் இரண்டு தனியார் கம்பனிகள் இதனைச் செய்கின்றன. சான்றிதழ் ஒரு வருடத்துக்குச் செல்லுபடியாகும். அது இல்லாமல் வருடாந்த வருமான அனுமதிப்பத்திரம் கிடைக்காது. இந்த அளவு எல்லோருக்கும் தெரியும்.

பலருக்குத் தெரியாதது, அந்தப் பரிசோதனை எதை அளக்கிறது என்பது. பெற்றோல் வாகனமானால், எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும்போது புகைக்குழாய்க்குள் ஒரு கருவியை விட்டு இரண்டு விடயங்களைப் பார்க்கிறார்கள். ஒன்று கார்பன் மொனொக்சைட். எரிபொருள் முழுமையாக எரியாதபோது உண்டாகும் நிறமோ மணமோ இல்லாத நச்சு வாயு. இரத்தத்தில் ஒட்சிசன் ஏறவேண்டிய இடத்தை இது பிடித்துக்கொள்ளும். மற்றது ஐதரோகார்பன், அதாவது எரியாமல் வெளியேறும் பெற்றோல் ஆவி. இவ்விரண்டும் வர்த்தமானியில் சொல்லப்பட்ட அளவுக்குள் இருந்தால் வண்டி பாஸ். மோட்டார் சைக்கிளுக்கும் முச்சக்கர வண்டிக்கும் உள்ள அளவு வேறு, காருக்குள்ள அளவு வேறு.

ஆக, அந்தச் சான்றிதழ் புகையைப் பற்றிய சான்றிதழ். வண்டி எவ்வளவு சத்தம் போடுகிறது என்பதற்கு அது சாட்சி சொல்லாது. மருமகனின் கேள்விக்கு விடை இதுதான். கண் பரிசோதனையில் பாஸானவருக்குக் காது நன்றாகக் கேட்கும் என்று யாரும் சொல்வதில்லை அல்லவா? அதுபோலத்தான் இதுவும்.

இன்னொன்றும் உண்டு. சான்றிதழ் அந்த நாளைய நிலையைச் சொல்வது. பரிசோதனைக்குக் கம்பனிச் சைலன்சரைப் போட்டுக்கொண்டு போய், வந்ததும் கழற்றி மற்றதைப் பூட்டுகிற பழக்கம் நம் ஊர்களில் இல்லையென்று யாராலும் சொல்ல முடியாது. அப்படிச் செய்பவரின் கையில் இருப்பது உண்மையான சான்றிதழ்தான், ஆனால் அது அவர் ஓட்டும் வண்டிக்குரியதல்ல.

சைலன்சருக்குள் என்ன இருக்கிறது?

எஞ்சினுக்குள் பெற்றோல் எரியும்போது ஒவ்வொரு முறையும் சிறு வெடிப்பு நிகழ்கிறது. நிமிடத்துக்கு ஆயிரக்கணக்கான தடவை நடக்கும் இந்த வெடிப்புகளின் அழுத்தம் அப்படியே வெளியே வந்தால் அக்கம்பக்கத்தில் யாரும் இருக்க முடியாது. சைலன்சருக்குள் சிறு அறைகளும் துளையிட்ட குழாய்களும் தடுப்புத் தகடுகளும் இருக்கின்றன. புகை அவற்றுக்குள் வளைந்து திரும்பி வரும்போது ஒலி அலைகள் ஒன்றோடொன்று மோதித் தணிகின்றன. அண்மைக்கால மொடல்கள் பலவற்றில் அதே குழாய்த் தொகுதிக்குள் நச்சு வாயுக்களை மாற்றும் ஒரு பாகமும் உண்டு. கெட்டலிட்டிக் கொன்வர்ட்டர் என்பார்கள். கார்பன் மொனொக்சைட்டையும் எரியாத பெற்றோல் ஆவியையும் தீங்கு குறைந்த வாயுக்களாக மாற்றுவது அதன் வேலை.

சைலன்சரைக் கழற்றி வெறும் குழாயைப் பூட்டுபவர் சத்தத்தை மட்டும் கூட்டிக்கொள்வதில்லை. கொன்வர்ட்டர் உள்ள வண்டியானால் அதையும் சேர்த்தே கழற்றி எறிகிறார். புகைக்கும் சத்தத்துக்கும் சட்டத்தில் தனித்தனி விதிகள் இருந்தாலும், வண்டியில் இரண்டும் ஒரே குழாய்தான்.

"சைலன்சர மாத்தினா பிக்கப் கூடும்" என்று கராஜ்களில் சொல்லக் கேட்டிருப்பீர்கள். நம் பிள்ளைகள் ஓட்டும் 100, 125, 150 சிசி வண்டிகளில் குழாயை மட்டும் மாற்றுவதால் குறிப்பிடத்தக்க வேகம் கிடைப்பதில்லை. எஞ்சினுக்குள் போகும் காற்று, பெற்றோல், வெளியேறும் புகை ஆகிய மூன்றையும் ஒன்றுக்கொன்று பொருந்தும்படி கணக்கிட்டுத்தான் கம்பனி அந்த வண்டியை அமைத்திருக்கிறது. ஒன்றை மட்டும் மாற்றினால் கணக்குப் பிசகும். சில வண்டிகள் இழுவை குறைந்து பெற்றோலைக் கூடக் குடிக்கும். சத்தம் கூடுவதால் வேகம் கூடியதுபோல ஓட்டுபவருக்குத் தோன்றுகிறது. உண்மையில் கூடியது சத்தம் மட்டுமே.

மன்னாருக்கே உரிய ஒரு விடயத்தையும் சொல்ல வேண்டும். சத்தம் போடும் வண்டிகளெல்லாம் வாலிபர்களின் வேடிக்கையால் வருவன அல்ல. உப்புக் காற்று நம் வண்டிகளைத் தின்கிறது. கரைக்கு மீன் ஏற்றப் போகும் வண்டியில் பெட்டியிலிருந்து வடியும் உப்புத் தண்ணீர் சைலன்சரில் ஊற்றிக்கொண்டே இருக்கும். துருப்பிடித்து ஓட்டை விழுந்து, காலை நான்கு மணிக்குப் படபடவென்று போகும் வண்டிகள் பேசாலையிலும் உண்டு, உப்புக்குளத்திலும் உண்டு, சிலாவத்துறையிலும் உண்டு. 2020 முதல் பல வருடங்கள் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டிருந்ததில் பழைய வண்டிகளையே ஒட்டுப்போட்டு ஓட்டினோம். அந்த ஏழை உழைப்பாளியையும் வேண்டுமென்றே குழாய் மாற்றும் இளைஞனையும் ஒரே தட்டில் வைத்துப் பேசுவது நியாயமாகாது. ஆனால் பக்கத்து வீட்டில் தூங்கும் குழந்தைக்கு இரண்டு சத்தமும் ஒன்றுதான்.

சட்டம் என்ன சொல்கிறது?

இலங்கையின் மோட்டார் போக்குவரத்துச் சட்டம் 1951ஆம் ஆண்டின் 14ஆம் இலக்கச் சட்டம். வீதியில் ஓடும் வாகனத்துக்கு முறையாக இயங்கும் சைலன்சர் இருக்க வேண்டும் என்பது இச்சட்டத்தின் கீழான விதிகளில் நெடுங்காலமாக உள்ளது. வாகனத்தின் அமைப்பை மாற்றுவதானால் மோட்டார் போக்குவரத்து ஆணையாளர் நாயகத்தின் அனுமதி பெற வேண்டும். கடையில் விற்கிறார்கள், கராஜில் பூட்டித் தருகிறார்கள் என்பது அனுமதி ஆகாது.

ஹோர்னுக்கு அளவே குறிக்கப்பட்டுள்ளது. தேசிய சுற்றாடல் சட்டத்தின் கீழ் 2011இல் வெளியான ஒழுங்குவிதிகளின்படி, வாகன ஹோர்னின் சத்தம் 2 மீற்றர் தூரத்தில் 105 டெசிபலையும் 7 மீற்றர் தூரத்தில் 93 டெசிபலையும் தாண்டக் கூடாது. பஸ்ஸிலிருந்து கழற்றிய ஹோர்னைச் சைக்கிளில் பூட்டிக்கொண்டு திரியும் தம்பிமார் இதைக் கவனிக்க வேண்டும்.

சத்தக் கட்டுப்பாடு தொடர்பான 1996ஆம் ஆண்டின் ஒழுங்குவிதிகள் வேறு. அவை முக்கியமாகத் தொழிற்சாலை, கட்டட வேலை போன்றவற்றிலிருந்து வரும் சத்தத்துக்கானவை. வீதியில் போகும் வண்டியை அவற்றைக் கொண்டு அளப்பதில்லை. ஆனாலும் ஓர் ஊரில் எவ்வளவு அமைதி இருக்க வேண்டும் என்று நாட்டின் சட்டம் நினைக்கிறது என்பதை அவை காட்டுகின்றன. பிரதேச சபைப் பகுதிகளில் பகலில் 55 டெசிபல், இரவில் 45. நகர சபை, மாநகர சபைப் பகுதிகளில் பகலில் 63, இரவில் 50. ஆஸ்பத்திரி, பாடசாலை, நீதிமன்றம், பொது நூலகம் ஆகியவற்றின் எல்லையிலிருந்து 100 மீற்றர் வரை அமைதி வலயம். அங்கே பகலில் 50, இரவில் 45. மாலை 6 மணிக்கே இரவுக் கணக்கு தொடங்கிவிடுகிறது.

நம் ஊருக்குப் பொருத்திப் பாருங்கள். மன்னார் பட்டினம் நகர சபைப் பகுதி. எருக்கலம்பிட்டி, தாராபுரம், பேசாலை, தலைமன்னார் எல்லாம் பிரதேச சபைப் பகுதி. அதாவது மஃரிபுக்குப் பின்னர் எருக்கலம்பிட்டியில் 45 டெசிபல்தான் பொருத்தமான அளவு என்று சட்டம் கருதுகிறது. இரண்டு பேர் சாதாரணமாகப் பேசிக்கொள்ளும் சத்தமே ஏறத்தாழ 60 டெசிபல்.

2025 ஜனவரியில் அரசாங்கம் 'கிளீன் ஸ்ரீலங்கா' வேலைத்திட்டத்தைத் தொடங்கியதிலிருந்து, அனுமதியில்லாத அலங்காரங்கள், நிற விளக்குகள், அதிக சத்தம் போடும் சைலன்சர்கள், ஹோர்ன்கள் தொடர்பில் நாடு முழுவதும் பொலிஸாரின் சோதனை அதிகரித்தது. அப்போது அதிகம் முறைப்பட்டவர்கள் தென்பகுதியின் பஸ்காரர்களும் முச்சக்கர வண்டிக்காரர்களும்தான். 'நம்ம பிள்ளைகளை மட்டும்' என்ற என் பேச்சு எவ்வளவு பிழையானது என்பது இதிலிருந்து எனக்கு விளங்கியது.

வெளிநாடுகளிலும் இதே நிலைதான். இந்தியாவில் 2019இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின்படி, புகை அல்லது சத்த அளவை மீறினால் முதல் தடவைக்கே 10,000 ரூபா வரை தண்டமோ மூன்று மாதம் வரை சிறையோ, அல்லது இரண்டுமோ விதிக்கப்படலாம். மூன்று மாதத்துக்குச் சாரதி அனுமதிப்பத்திரமும் பறிபோகும். பாரிஸ் நகரில் 2022 முதல், அதிக சத்தம் போடும் வண்டியை இனங்கண்டு இலக்கத் தகட்டைப் படம் பிடிக்கும் கருவிகளைப் பரீட்சித்து வருகிறார்கள்.

டெசிபல் கணக்கு

டெசிபல் என்பது சாதாரணக் கூட்டல் கழித்தல் கணக்கில் வருவதில்லை. 10 டெசிபல் கூடினால் ஒலியின் சக்தி பத்து மடங்கு கூடுகிறது. நம் காதுக்கு அது ஏறத்தாழ இரு மடங்காகக் கேட்கும். 20 டெசிபல் கூடினால் சக்தி நூறு மடங்கு.

வேலைத்தலங்களில் காதைப் பாதுகாக்க நிபுணர்கள் பயன்படுத்தும் ஒரு கணக்கு உண்டு. 85 டெசிபல் சத்தத்தில் ஒருவர் நாளொன்றுக்கு 8 மணித்தியாலம் இருக்கலாம். ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் அந்த நேரம் பாதியாகும். 88இல் 4 மணித்தியாலம். 91இல் 2. 94இல் 1. 100 டெசிபல் என்றால் 15 நிமிடம்தான். சைலன்சர் கழற்றிய வண்டியின் அருகில் 100 டெசிபலை எட்டுவது அபூர்வமல்ல. எருக்கலம்பிட்டியிலிருந்து பட்டினத்துக்குப் போய் வருவதற்குள் ஒரு நாளைக்கான அளவை ஓட்டுபவரின் காதே கடந்துவிடும். சத்தத்தால் கெட்ட உட்காதின் நுண்மயிர் உயிரணுக்கள் மீண்டும் முளைப்பதில்லை. இருபத்திரண்டு வயதில் விளங்காது, நாற்பதில் விளங்கும்.

உலக சுகாதார நிறுவனம் 2018இல் ஐரோப்பியப் பிராந்தியத்துக்கு வெளியிட்ட வழிகாட்டலில், இரவில் வீதிப் போக்குவரத்துச் சத்தம் சராசரியாக 45 டெசிபலுக்குக் குறைவாக இருக்க வேண்டும் என்றது. அதற்கு மேற்பட்டால் தூக்கம் கெடுகிறது. நீண்ட காலச் சத்தம் இருதய நோயுடனும் தொடர்புபட்டது என்று அதே நிறுவனம் சொல்கிறது.

ஆனால் எனக்கு இந்தக் கணக்குகளை விட என் உம்மாவைப் பார்த்ததே போதுமாக இருந்தது. எண்பதை நெருங்குகிறார். 1990 ஒக்டோபரில் எங்களைக் கையில் பிடித்துக்கொண்டு கடல்வழியே கற்பிட்டிக்குப் போனவர். மாற்றிய சைலன்சர் வண்டிகள் கியர் குறைக்கும்போது வெடிபோல ஒரு சத்தம் விடுமே, அது கேட்டால் இன்றைக்கும் எழுந்து கதவுத் தாழ்ப்பாளைப் பார்க்கப் போவார். "ஒண்டுமில்ல உம்மா, பைக்" என்று சொல்லி உட்கார வைப்போம். இப்படிப்பட்டவர்கள் நம் ஊர்களில் வீட்டுக்கு ஒருவர் இருக்கிறார்கள். தமிழ்ச் சகோதரர்களின் ஊர்களிலும் இருக்கிறார்கள்.

பள்ளிவாசல் தொடுத்த வழக்கு

இலங்கையில் சத்தம் பற்றிய மிக முக்கியமான நீதிமன்றத் தீர்ப்பு ஒரு பள்ளிவாசல் வழக்கிலிருந்து வந்தது என்பது நம்மில் பலருக்குத் தெரியாது. வெலிகம, கப்புவத்தை முஹியித்தீன் ஜும்ஆப் பள்ளிவாசலின் நம்பிக்கையாளர்கள், ஒலிபெருக்கி அனுமதி தொடர்பாகப் பொலிஸாருக்கு எதிராக உயர் நீதிமன்றத்தில் அடிப்படை உரிமை மனுவொன்றைத் தாக்கல் செய்தார்கள். 2007 நவம்பரில் பிரதம நீதியரசர் சரத் என். சில்வா தீர்ப்பளித்தார். இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை ஒலிபெருக்கிக்கு அனுமதி வழங்கக் கூடாது, மற்ற நேரங்களிலும் சத்தம் அந்த வளவுக்கு அப்பால் போகாதபடி இருக்க வேண்டும் என்பது அத்தீர்ப்பின் சாரம். விருப்பமில்லாத ஒருவரைக் கட்டாயமாகக் கேட்க வைக்க எவருக்கும் உரிமையில்லை என்பது அதன் அடிப்படை. எல்லா மதத்தவருக்கும் அது பொருந்தியது.

சுபஹ் அதான் 6 மணிக்கு முன்னர் சொல்லப்படுவது. அதனால் அந்தத் தீர்ப்பு நம் சமூகத்தைக் கவலைகொள்ள வைத்தது இயல்பு. அந்தக் கவலையைப் பற்றி வாதாட இது இடமல்ல. நான் கேட்பது வேறு. வணக்கத்துக்கு அழைக்கும் சத்தத்துக்கே பக்கத்து வீட்டாரை நினைத்து எல்லை வகுக்கும் நாட்டில், ஒரு காரணமுமில்லாமல் நள்ளிரவில் ஊரைச் சுற்றும் மோட்டார் சைக்கிளுக்காக நாம் என்ன நியாயம் பேச முடியும்?

மார்க்கமும் இதைத்தான் சொல்கிறது. நபி (ஸல்) அவர்கள் பள்ளிவாசலில் இஃதிகாஃப் இருந்தபோது சிலர் சத்தமாகக் குர்ஆன் ஓதியதைக் கேட்டு, திரையை விலக்கி, ஒருவருக்கொருவர் தொந்தரவு கொடுக்காதீர்கள், ஒருவர் ஓதலுக்கு மேல் மற்றவர் குரலை உயர்த்தாதீர்கள் என்று தடுத்த செய்தி அபூதாவூதில் உள்ளது. குர்ஆன் ஓதும் குரலுக்கே அந்த ஒழுங்கு. லுக்மான் சூராவில் லுக்மான் (அலை) அவர்கள் மகனுக்குச் சொல்லும் உபதேசத்தில் நடையில் நிதானம் வேண்டும், குரலைத் தாழ்த்த வேண்டும் என்று சொல்லி, கழுதையின் குரலை உதாரணம் காட்டுவது நமக்குத் தெரியும். மன்னார்க்காரர்களுக்குக் கழுதையின் குரலை விளக்க வேண்டியதில்லை. பாவம், அது இறைவன் கொடுத்த குரலில் கத்துகிறது. நாம் காசு கொடுத்து வாங்கிப் பூட்டுகிறோம்.

தீவின் தென்கரையில் 2020 முதல் முப்பது காற்றாலைகள் சுழல்கின்றன. அவற்றின் இரைச்சல் பற்றியும் மீன்பாடு பற்றியும் மக்கள் கேள்வி கேட்கிறார்கள். 2025இல் புதிய காற்றாலைகளுக்கும் கனிய மணல் அகழ்வுக்கும் எதிராக எல்லா மதத்தவரும் சேர்ந்து வீதிக்கு வந்தார்கள். வெளியிலிருந்து வரும் சத்தத்தைப் பற்றி இப்படிக் கேட்கும் நாம், நம் வாசலிலிருந்து கிளம்பும் சத்தத்தைப் பற்றியும் கேட்டால்தான் நம் பேச்சுக்கு மதிப்பிருக்கும்.

பொலிஸாரிடமும் ஒரு கேள்வி

உரிமையாளர் தரப்பிலும் நியாயம் இல்லாமலில்லை. நான் கண்ட வீதிச் சோதனைகளில் யார் கையிலும் ஒலிமானி இருக்கவில்லை. உத்தியோகத்தரின் காதுதான் அளவுகோல். மாற்றிய குழாயைக் கண்ணால் கண்டுபிடிக்கலாம். துருப்பிடித்த சைலன்சரின் சத்தம் கூடுதலா இல்லையா என்பதில் ஆளுக்காள் கருத்து மாறும். ஹோர்னுக்கு அளவு குறித்ததுபோல மோட்டார் சைக்கிள் சத்தத்தையும் கருவியால் அளந்து காட்டினால் யாரும் தர்க்கம் பண்ண மாட்டார்கள். பாரபட்சம் என்ற பேச்சுக்கும் இடமிருக்காது. பிடிபட்டவனைத் தண்டிப்பதோடு நின்றுவிடாமல், அந்தக் குழாய்களை இறக்கி விற்பவர்களிடமும் சட்டம் போக வேண்டும்.

வண்டியை மறித்தால் தர்க்கம் வேண்டாம். கடதாசிகளைக் காட்டுங்கள். என்ன குற்றம் என்று பணிவாகக் கேளுங்கள். சொல்வது பிழையென்று நினைத்தால் அதை நீதவான் முன் சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு. வீதியில் தெரிந்தவரைப் பிடித்துச் 'சொல்லிப் பார்ப்பது' வழியல்ல. அன்றிரவு நான் யாரையும் பிடித்துச் சொல்லவில்லை. சொல்ல ஒன்றுமில்லை என்பதே காரணம்.

உரிமையாளர்கள் செய்யக்கூடியவை

முதலில் சைலன்சரைப் பாருங்கள். கம்பனிச் சைலன்சரில் பெரும்பாலும் கம்பனியின் பெயரோ அடையாளமோ பொறிக்கப்பட்டிருக்கும். பின்பக்கம் வெட்டி ஒட்டப்பட்டிருந்தால், உள்குழாய் எடுக்கப்பட்டிருந்தால் அது மாற்றப்பட்டது. பழைய வண்டி வாங்குபவர்கள் இதை விலை பேசுவதற்கு முன்னரே பார்க்க வேண்டும். "நான் வாங்கும்போதே இப்பிடித்தான் இருந்திச்சி" என்பது வீதியில் செல்லாது, ஓட்டுபவர்தான் பதில் சொல்ல வேண்டும். விற்றவரின் வீட்டு மூலையில் பழைய சைலன்சர் கிடக்கக்கூடும், கேட்டு வாங்குங்கள்.

துருவுக்கு வருமுன் காப்பதே மலிவு. கரைக்குப் போய் வந்த வண்டியை நல்ல தண்ணீரில் கழுவி, சைலன்சரின் அடிப்பக்கத்தையும் கழுவுங்கள். எஞ்சினும் குழாயும் சேரும் இடத்தில் புகை கசிந்து கறுப்பு படிந்திருந்தால் கேஸ்கட் போயிருக்கிறது. சிறிய ஓட்டையை ஒட்டி எடுக்கலாம். உள்ளே தகடுகள் கழன்று கிலுகிலுத்தால் மாற்றத்தான் வேண்டும்.

புகையின் நிறத்தையும் கவனியுங்கள். நீலமாக வந்தால் எஞ்சின் ஒயில் எரிகிறது. நான்கு ஸ்ட்ரோக் வண்டியில் பிஸ்டன் ரிங் அல்லது வால்வு சீல் தேய்ந்ததன் அறிகுறி அது. கறுப்பாக வந்தால் பெற்றோல் அளவுக்கு மேல் போகிறது. காபரேட்டரையும் எயார் ஃபில்டரையும் பாருங்கள். குளிர்ந்த காலையில் முதல் சில நிமிடம் வெள்ளையாக வருவது நீராவி, பயமில்லை. பரிசோதனைக்குப் போகுமுன் ஃபில்டரைத் துப்புரவாக்கி, பிளக்கைப் பார்த்து, ஒயில் மாற்றி, கொஞ்ச தூரம் ஓடி எஞ்சினைச் சூடாக்கிக்கொண்டு போனால் பெரும்பாலும் பிரச்சினை வராது. ஒழுங்காக எரியும் எஞ்சின் பெற்றோலையும் மிச்சப்படுத்தும்.

கராஜ் வைத்திருக்கும் சகோதரர்களுக்கு ஒரு வேண்டுகோள். குழாய் மாற்றித் தருவதால் கிடைக்கும் கூலி ஹலாலா என்று நான் பத்வா சொல்ல வரவில்லை. ஆனால் அந்தச் சத்தம் யார் வீட்டு நோயாளியின் தூக்கத்தைக் கெடுக்கும் என்று ஒரு தடவை யோசித்துவிட்டு ஸ்பேனரைக் கையில் எடுங்கள். பள்ளிவாசல் நிர்வாகங்கள் ஒரு ஜும்ஆவில் ஐந்து நிமிடம் இதற்கு ஒதுக்கலாம். தராவீஹ் முடிந்ததும் வண்டியில் ஊர்வலம் போகும் நம் வாலிபர்கள், அந்த நேரத்தில் தூங்கப்போகும் பிற மத அயலவரையும் நினைக்க வேண்டும். நெடுங்காலத்துக்குப் பிறகு ஊர் திரும்பிய சமூகம் நாம். அயலவரோடு நமக்குள்ள உறவு இப்படிப்பட்ட சின்னச் சின்ன விடயங்களில்தான் கட்டப்படுகிறது.

மருமகன் நீதிமன்றத்துக்குப் போய்த் தண்டம் கட்டினான். கம்பனிச் சைலன்சரை அவன் முன்னரே விற்றிருந்தான். அதனால் இன்னொன்று தேடி வாங்கிப் பூட்ட வேண்டியதாயிற்று. முதல் இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. பிறகு ஒரு நாள் இரவு சாப்பிட வந்தான். வாசலில் வண்டி வந்து நின்றது எங்களுக்குக் கேட்கவில்லை, அவன் ஸலாம் சொன்ன பிறகுதான் தெரிந்தது. உம்மா அவனுக்குச் சோறு போட எழுந்தார். கதவுத் தாழ்ப்பாளைப் பார்க்கவில்லை.